பாஸ்கரன் இருக்காரா?

திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கீழே, 'உரிமம் சரிபார்க்கப்படுகிறது, காத்திருக்கவும்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. வெளியே ஐப்பசி மழை. மதியச் சாப்பாடு முடிந்த நேரம்தான், ஆனாலும் லைட் போடாமல் கீபோர்டு தெரியவில்லை. நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்து உள்ளங்கை வியர்வையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

வட்டம் நின்றது. சிவப்புக் கட்டம் ஒன்று வந்தது. 'இது புதிய கம்ப்யூட்டர். இந்தக் கணக்கின் உரிமையாளருடைய கைபேசிக்கு ஒரு எண் அனுப்பியிருக்கிறோம். அதை இங்கே இடவும்.'

உரிமையாளர் என் அண்ணன் பாஸ்கரன். அந்தக் கைபேசி எண் சிங்கப்பூர் எண். அண்ணன் செத்துப்போய் மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது.

கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தேன், அதே கட்டம்தான்.

'ஒரு கம்ப்யூட்டர் கேமுக்கா இந்தப் பாடு?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. போன வாரம் மாமியார் வீட்டு கிரைண்டர் கதையைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்ததாகப் பலர் எழுதியிருந்தீர்கள். இந்த வாரமும் சிரிக்க இடம் உண்டு. ஆனால் இதை நினைத்தாலே எனக்கு முதலில் வருவது பயம்தான்.

செத்தவர் பேரில் கரண்ட்

கேமுக்குப் போகும் முன்னால் எங்கள் வீட்டு பம்புசெட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊர் பூதலூருக்குப் பக்கம். கொஞ்சம் சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை. அப்பாதான் இன்னமும் பார்க்கிறார். போர்செட்டுக்கு வரும் கரண்ட் இணைப்பு என் தாத்தா கோவிந்தசாமி பேரில் இருக்கிறது. தாத்தா போகும்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். இணைப்பு மட்டும் போகவில்லை.

லைன்மேன் வந்தால் வாசலில் நின்று கூப்பிடுவார். "கோவிந்தசாமி இருக்காரா?"

"இருக்காரு, சொல்லுங்க," என்பார் அப்பா, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு.

லைன்மேனுக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். தாத்தாவின் போட்டோ மாலையோடு இருவருக்கும் நேர் மேலே தொங்கிக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே நின்றுதான் இந்தப் பேச்சு.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏனென்றால் நான் பார்ப்பதே இ-சேவை மையத்தில் வேலை. விடிந்தால் அடைந்தால் வாரிசுச் சான்று, பட்டா பெயர் மாற்றம், இறப்புச் சான்று. "மறைக்காதீங்க, உள்ளத உள்ளபடி சொல்லுங்க, பேர மாத்திக்குங்க, பின்னாடி தொல்லை இருக்காது," என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள் நான். என் வீட்டில் செத்தவர் பேரில் தண்ணீர் பாய்கிறது.

"அப்பா, ஒரு கையெழுத்து போடுங்க, நானே மாத்திக் குடுத்துடுறேன்," என்பேன்.

"ஒங்க சித்தப்பனுங்க கையெழுத்தும் கேப்பாங்க. ஒருத்தன் போடுவான், ஒருத்தன் பங்கு கேப்பான். ஓடுறது ஓடட்டும், நீ சும்மா இரு," என்பார். எங்கள் தெருவில் பாதி வீட்டில் இதே கதைதான். காஸ் இணைப்பு ஒருத்தர் பேரில், ரேடியோ காலத்து வீட்டு வரி ரசீது இன்னொருத்தர் பேரில். கேட்டால் யாராவது ஒருத்தர் 'இருக்கார்' என்று சொல்லிவிடுவார்கள்.

பொம்மை வயல்

அண்ணன் சிங்கப்பூரில் கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் வெல்டர். ஒரு லீவில் வரும்போது கம்ப்யூட்டரைப் பகுதி பகுதியாகப் பெட்டியில் கொண்டுவந்து, கூடத்தை ஒட்டிய அறையில் உட்கார்ந்து தானே பொருத்தினான். அதில் ஒரு விவசாய கேம் போட்டான். ஒரிஜினல். காசு கொடுத்து, அவன் பேரில் கணக்குத் தொடங்கி வாங்கியது.

அப்பா எட்டிப் பார்த்தார். திரையில் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"நெசமான வயல்ல கோரை மண்டிக் கெடக்கு. இங்க அண்ணனும் தங்கச்சியும் பொம்ம வயல்ல உழுவுறீங்களா? நல்லா வருவீங்கடா," என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். அப்புறம் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அண்ணன் திரும்பிப் போனான். அவன் கணக்கிலேயே இரண்டு பேர் சேர்ந்து ஆட இடம் உண்டு. அவன் அங்கிருந்து, நான் இங்கிருந்து, ஒரே பண்ணையில் விளையாடுவோம். நான் கல்யாணமாகி அடுத்த தெருவில்தான் இருக்கிறேன். மையத்தைப் பூட்டிவிட்டு அப்பா வீட்டுக்கு வந்து ஹெட்போனை மாட்டினால், "வந்தியாடி, தண்ணி வை," என்று குரல் வரும். மலை, காடு, ஆறு என்று முடிவே இல்லாத பெரிய நிலம் அது. நம் இஷ்டத்துக்குத் திருத்தி வயலாக்கலாம், வீடு கட்டலாம், பலகை நட்டு அதில் எதையாவது எழுதி வைக்கலாம்.

அண்ணனுக்கு அந்தப் பலகைதான் பைத்தியம். தமிழ் எழுத்து அதில் வராது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவான். 'கலா, இந்த மடையைத் திறந்தா மூடணும். உன் லட்சணம் எனக்குத் தெரியும்.' 'இங்க மாடு கட்டாதே.' நான் இல்லாத நேரத்திலும் அவன் தனியாக விளையாடுவான். மலைக்கு அந்தப் பக்கம் எதையோ கட்டுவதாகச் சொல்வான். என்ன என்று கேட்டால், "நீயே போய்த் தேடிக் கண்டுபிடி, எனக்கென்ன," என்பான்.

அப்புறம் ஒருநாள் வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானாம். அவ்வளவுதான். திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போய்ப் பெட்டியை வாங்கி வந்தோம். அதைப் பற்றி எழுத இன்னும் எனக்குத் தெம்பில்லை.

பல மாதம் கழித்துத்தான் கேமைத் திறந்தேன். மனசு போன போக்கில் ஆற்றைத் தாண்டி நடந்தேன். கரையில் நான் பார்த்தே இராத ஒரு பலகை நின்றிருந்தது.

'இங்க வர இவ்ளோ நாளாச்சா, சோம்பேறி.'

ஐயோ, என்னத்தைச் சொல்ல. வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதேன். பக்கத்து அறையில் அம்மா இருந்தார்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். எப்போதாவது, மனசு தாளாத நாளில், புதிதாக ஒரே ஒரு பலகையைத் தேடிப் படிப்பது. ஒன்று படித்துவிட்டால் அதோடு மூடிவிட வேண்டும். எத்தனை மிச்சம் இருக்கிறது என்று தெரியாது. தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் அந்த நிலத்தில் மெதுவாகவே நடப்பேன். யாரிடமும் சொன்னதில்லை. அண்ணன் பேரை எடுத்தால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார், அம்மா அந்த அறைக்கே வருவதில்லை.

காசு கொடுத்தவன்தான் கள்ளன்

இந்தக் கேம் கம்பெனிகளுக்கு நம்மைக் கண்டால் எப்போதுமே சந்தேகம்.

அண்ணன் காலேஜ் படித்தபோது கேம் டிஸ்க்கில் வரும். டிஸ்க் டிரைவுக்குள் இருந்தால்தான் கேம் ஓடும். எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஏற்றியாகிவிட்டது, ஆனாலும் 'டிஸ்க்கைப் போடு' என்று கேட்கும். போட்டுப் போட்டுக் கீறல் விழும். அண்ணன் அதை வேட்டியில் துடைப்பான், ஊதுவான், சாமி கும்பிட்டுப் போடுவான். ஒரு கீறலுக்காக வாங்கிய கேமை மறுபடி வாங்கிய கொடுமையும் நடந்தது.

இப்போது டிஸ்க் இல்லை. அதற்குப் பதில் ஒவ்வொரு தடவையும் நெட் வழியாக மேலே எங்கேயோ கேட்டுவிட்டுத்தான் திறக்கும். தனியாக, யாரோடும் சேராமல் விளையாடினாலும் நெட் வேண்டும். எங்கள் ஊரில் கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் படுத்துவிடும். விளையாடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று வெளியே பிடித்துத் தள்ளிவிடும். மறுபடி உள்ளே போனால் வட்டம் சுற்றும். பிறகு ஒரு கேள்வி வரும். 'பாஸ்கரன், நீங்கள்தானா?' கீழே இரண்டு பொத்தான். ஆம், இல்லை.

மூன்று வருஷமாக ஒவ்வொரு தடவையும் 'ஆம்' என்று அழுத்தியிருக்கிறேன். என்றைக்காவது ஒருநாள் கண்டுபிடித்துவிடுவார்கள், போலீஸ்கூட வரும் என்றெல்லாம் தோன்றும்.

தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சேகர், அண்ணனோடு படித்தவர். அவர் கடைக்கு வரும் பசங்கள் அத்தனை பேரும் இதே கேமைத் திருட்டுக் காப்பியில் ஆடுகிறார்கள்.

"அவனுங்களுக்கு நெட்டும் வேண்டாம், கேள்வியும் கெடயாது. ஜம்முனு ஆடுறானுங்க. காசு குடுத்து வாங்குனவங்களத்தான் இது திருடன் மாதிரி நிக்க வச்சு கேக்குது," என்பார் சேகர்.

"அப்ப எனக்கும் அந்தக் காப்பியவே போட்டுக் குடுத்துடுங்களேன்."

"போடலாம். ஆனா பாஸ்கர் கட்டுன பண்ணை அதுல வராதும்மா. அது அவன் கணக்கோட சேத்துப் பூட்டியிருக்கு. வேணும்னா வெறும் நெலத்துலேர்ந்து புதுசா ஆரம்பிக்கணும்."

வெறும் நிலம் எனக்கு எதற்கு?

அதனால் அந்தக் கம்ப்யூட்டரை யாரையும் நான் தொட விட்டதில்லை. தூசி தட்டக்கூடப் பயம். அதன் பெட்டிக்குள் ஒரு பாகம் மாறினாலும் வேறு கம்ப்யூட்டர் என்று கேம் நினைத்துக்கொள்ளும் என்று சேகர் முன்பே சொல்லி வைத்திருந்தார்.

ஐப்பசியில் ஒரு இடி இடித்தது பாருங்கள். டிரான்ஸ்பார்மர் பக்கம் புகை. எங்கள் தெருவில் இரண்டு டிவி, ஒரு பிரிட்ஜ், அப்புறம் அண்ணன் கம்ப்யூட்டரின் மதர்போர்டு, அத்தனையும் கருகிப்போயின. சேகர் வேறு மதர்போர்டு மாட்டித் தந்தார். "பண்ணை கம்பெனிக்காரன்கிட்ட பாஸ்கர் கணக்குல பத்திரமா இருக்கு, அதுக்கு ஒண்ணும் ஆகல," என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்ட உடனேதான் அந்தச் சிவப்புக் கட்டம்.

உள்ளத உள்ளபடி

என் தொழில் புத்தி உடனே வேலை செய்தது. இறப்புச் சான்று இருக்கிறது, வாரிசுச் சான்று இருக்கிறது, இரண்டும் நானே ஸ்கேன் செய்தவை. உள்ளதைச் சொல்லிப் பெயர் மாற்றிக் கேட்டால் தராமலா போவார்கள்? கம்பெனிக்குக் கடிதம் அடித்தேன். 'என் அண்ணன் இறந்துவிட்டார்' என்று தொடங்கி, சான்றுகளை இணைத்து, அனுப்பும் முன்னால் எதற்கும் கேட்டுவிடலாம் என்று சேகருக்குப் போன் செய்தேன்.

"அனுப்பிட்டீங்களா?" குரலே மாறிவிட்டது.

"இன்னும் இல்ல."

"அனுப்பிடாதீங்க! கையத் தூக்குங்க முதல்ல. வாங்கும்போது சம்மதம்னு அமுக்குறோமே, அந்த விதிமுறையப் படிங்க."

படித்தேன். இந்த உரிமம் வாங்கியவருக்கு மட்டும். யாருக்கும் மாற்றித் தர முடியாது. அவருக்குப் பின் யாருக்கும் போகாது, கணக்கு மூடப்படும். நிலத்துக்கு வாரிசு உண்டு, போர்செட்டுக்கு வாரிசு உண்டு. இதற்கு இல்லை. நான் மட்டும் அந்தக் கடிதத்தை அனுப்பியிருந்தால், மலைக்கு அந்தப் பக்கம் அண்ணன் எழுதி வைத்த அத்தனையும் என் கையாலேயே அழிந்திருக்கும்.

கடிதத்தை அழித்தேன். உதவிக்கான அரட்டைப் பெட்டியைத் திறந்தேன். 'நான் பாஸ்கரன். என் பழைய நம்பர் இப்போது இல்லை,' என்று அடித்தேன். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த அதே விரல்தான்.

மின்னஞ்சல், வாங்கிய ரசீது எண் எல்லாம் கேட்டார்கள். அண்ணன் மெயில் என்னிடம் இருந்தது, கொடுத்தேன். புதிய கைபேசி எண் கேட்டார்கள். கை தானாக அடித்தது. அடித்தபின்தான் பார்த்தேன், அது அப்பாவின் நம்பர். எங்கள் வீட்டில் எந்தப் படிவத்திலும் போன் நம்பர் என்றால் அப்பா நம்பர்தான். யோசிக்காமல் அதையே போட்டுவிட்டேன்.

பதில் வந்தது. 'நன்றி பாஸ்கரன். சிறிது நேரத்தில் அந்த எண்ணுக்கு அழைப்போம். உரிமையாளர் நேரடியாகப் பேச வேண்டும்.'

அப்பாவின் போன்

நம்பரை மாற்றலாம் என்றால் அரட்டை மூடிவிட்டது. நான் பெண். என் குரலில் பாஸ்கரன் பேச முடியாது. அப்பாவோ சம்பா நடவில் தண்ணீர் வடிக்க வயலில் நிற்கிறார். போன் அவர் இடுப்பில், பிளாஸ்டிக் பைக்குள். அங்கே அழைப்பு வந்து, 'பாஸ்கரனா? அவன் செத்து மூணு வருஷமாச்சு,' என்று அவர் சொல்லிவிட்டால்?

செருப்பு போடாமல் வாசலுக்கு ஓடினேன். நல்லவேளை, அப்பா நனைந்துகொண்டு வந்துகொண்டிருந்தார்.

"போன் வந்துச்சாப்பா?"

"இல்லியே. ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்க? யாருக்கு என்ன?"

அறைக்குள் இழுத்துக்கொண்டு வந்தேன். சொன்னேன். மூச்சு வாங்கிக்கொண்டு, முன்பின்னாக, எல்லாவற்றையும். பலகைகளைச் சொன்னேன். அப்பாவின் வேட்டியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அவன் எழுதினதா? இதுக்குள்ளயா?"

"ஆமாம்ப்பா. படிக்காதது இன்னும் இருக்கு."

"இத்தன நாளா ஏன் சொல்லல?"

"அவன் பேர எடுத்தாலே எந்திரிச்சுப் போயிடுறீங்களேப்பா. எப்படிச் சொல்றது?"

அவர் பதில் சொல்லும் முன் போன் அடித்தது. எங்கள் பக்கத்து நம்பர் இல்லை. நான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டு அவர் கையில் கொடுத்தேன்.

ஒரு பெண் குரல், சுத்தமான ஆங்கிலம். மிஸ்டர் பாஸ்கரனோடு பேசலாமா என்று கேட்டது.

அப்பாவின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. தாத்தா பேருக்கு எத்தனை சுலபமாகச் சொல்வார்! துண்டை உதறுவதற்குள் சொல்லிவிடுவார். இது பெற்ற பிள்ளையின் பேர். இவரைப் போய் இதில் இழுத்துவிட்டேனே பாவி என்று இருந்தது.

"ஹலோ? மிஸ்டர் பாஸ்கரன்?" மறுபடி குரல்.

போச்சு, வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"இருக்கான்," என்றார் அப்பா தமிழில். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எஸ். பாஸ்கரன். எஸ்," என்றார்.

பிறந்த தேதியைக் கேட்டாள். நான் எழுதிக் காட்டப் பேனாவைத் தேடினேன். வேண்டியிருக்கவில்லை. தேதி, மாதம், வருஷம் எல்லாம் ஆங்கிலத்தில் தடங்கலில்லாமல் சொன்னார். அந்தப் பெண் எதையோ தட்டும் சத்தம் கேட்டது. காத்திருக்கும் நேரத்தில் மரியாதைக்காக ஒரு கேள்வி கேட்டாள். அப்பாவுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார்.

"எப்படி இருக்கீங்கன்னு கேக்குறாங்கப்பா," என்றேன் வாயசைவில்.

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நல்லா இருக்கேன்மா," என்றார்.

அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, நன்றி சொல்லி வைத்துவிட்டாள். போன் கட்டான பிறகும் அப்பா அதைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை.

கோணல் வரப்பு

கேம் திறந்தது. எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. அப்பா முதன்முறையாக என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ஈர வேட்டியைக்கூட மாற்றவில்லை.

மலையைத் தாண்டி இதுவரை போகாத பக்கம் நடந்தேன். இறக்கத்தில் ஒரு வயல் வந்தது. ஓரத்தில் ஒரு பலகை. அப்பா கண்ணைச் சுருக்கி எழுத்துக் கூட்டினார். முதல் வார்த்தையை அவரே படித்துவிட்டார். "அப்பா..." என்று நிறுத்தினார். மீதியை நான் படித்தேன்.

'அப்பாகிட்ட காட்டாதே. வரப்பு கோணலாப் போச்சு. லீவுல வந்து நேராக்கிடுறேன்.'

அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோணலாத்தான் இருக்கு," என்றார்.

அப்போது கரண்ட் போனது. இன்வெர்ட்டர் இருந்ததால் கம்ப்யூட்டர் அணையவில்லை. கொஞ்ச நேரத்தில் டவர் படுத்து நெட் போய்விட்டது. வயல், பலகை, எல்லாம் மறைந்து கேம் எங்களை வெளியே தள்ளியது.

அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி வலித்தது.

"என்னடி ஆச்சு? போயிடுச்சா? எல்லாம் போயிடுச்சா?"

மூன்று வருஷம் நான் ஒருத்தி தனியாகச் சுமந்த பயம் இப்போது அவர் முகத்திலும் இருந்தது. "வரும்ப்பா, நெட்டு வரட்டும்," என்றேன். வருமா என்று எனக்கும் தெரியாது. மழையைக் கேட்டுக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம். அம்மா வாசற்படி வரைக்கும் வந்து, உள்ளே வராமல் நின்றார்.

நெட் வந்தது. வட்டம் சுற்றியது. அப்பா திரைக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். வட்டம் நின்றது, வழக்கமான கேள்வி வந்தது.

"என்ன கேக்குது?"

"பாஸ்கரன், நீங்கதானான்னு கேக்குதுப்பா."

அப்பா என் மணிக்கட்டை விட்டார்.

"ஆமான்னு போடும்மா," என்றார்.